எந்த ஆசிரமத்துக்குப் போவது?

பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'எ ஸெர்ச் இன் ஸீக்ரெட் இந்தியா' 1934-ல் லண்டனில் வெளியாயிற்று. அதில் வருகிறவர்களில் இன்று ஒருவரும் இல்லை. ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14-ம் தேதி மறைந்தார். எழுதின பிரண்டனும் 1981-ல் ஸ்விட்ஸர்லாந்தில் கண்ணை மூடிவிட்டார். புஸ்தகம் மட்டும் சாகவில்லை. இன்றும் அச்சாகிறது, இன்றும் விற்கிறது, இன்றும் யாரோ ஒருவரை ரயிலேற்றித் திருவண்ணாமலையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. நாவல் எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய ஆயுள் இது.

அந்தப் புஸ்தகத்தை நான் இப்போது மறுபடி எடுத்துப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 'ஒரு பத்து நாள் எங்காவது ஆசிரமத்தில் போய் இருந்துவிட்டு வரவேண்டும், எங்கே போகலாம், சொல்லுங்கள்' என்று என்னைக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கதை எழுதுகிறவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. ஒருவேளை கதையில் வரும் சாமியார்களை நான் கொஞ்சம் மரியாதையாக நடத்துகிறேன் என்பதால் இருக்கலாம். யோசித்துப் பார்த்தால், இப்படி ஆசிரமத்தைத் 'தேர்ந்தெடுப்பது' என்கிற எண்ணமே நமக்குப் பழக்கமில்லாத ஒன்று. நம் வழக்கில் குருவை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை. பக்குவம் வந்தால் குரு வருவார் என்பது நம்முடைய ஏற்பாடு. நாலு இடத்தைப் பார்த்து, இது சரியில்லை, அது தேவலை என்று தட்டிப் பார்த்து வாங்குகிற முறையை நமக்குக் கற்றுக் கொடுத்ததில் பிரண்டன் புஸ்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே அதை ஒரு வழிகாட்டியாக வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

பிரண்டன் பத்திரிகைக்காரர். பத்திரிகைக்காரருக்கு வேண்டிய கண்ணும் காலும் அவருக்கு இருந்தன. பம்பாயில் வந்து இறங்கியதும் ஹோட்டலில் ஓர் எகிப்திய மந்திரவாதியைச் சந்திக்கிறார். பிறகு மெஹர் பாபா. அவர் 1925 ஜூலையிலிருந்து பேசுவதில்லை. எழுத்துப் பலகையில் விரலை வைத்து வைத்துப் பதில் சொல்லுகிறவர். அவரிடம் பிரண்டனுக்கு முதலில் ஆவல், பிறகு சந்தேகம், கடைசியில் கசப்பு. சென்னையில் அடையாற்றங்கரையில் ஒரு ஹடயோகி. இன்னொரு மௌன சாமியார். அப்புறம் வடக்கே போய், கல்கத்தாவில் ராமகிருஷ்ணரின் சீடரான முதிய மாஸ்டர் மஹாசயர், காசியில் விசுத்தானந்தர், ஆக்ராவில் தயால்பாக். தயால்பாகைப் பற்றி அவர் எழுதியிருப்பது எனக்குப் பிடித்த பகுதி. பள்ளிக்கூடமும் பால்பண்ணையும் தொழிற்சாலையும் வைத்துக்கொண்டு, பக்தியையும் பட்டறையையும் ஒரே காம்பவுண்டுக்குள் நடத்துகிற அந்தக் குடியிருப்பைப் பார்த்து மனுஷன் நிஜமாகவே ஆச்சரியப்படுகிறார். ஆனாலும் அது அவருக்கு வேண்டியது இல்லை. உடம்பு கெட்டு, மனம் சோர்ந்து, ஊருக்குத் திரும்ப ஏற்பாடு செய்துகொண்டு பம்பாயில் உட்கார்ந்திருக்கும்போது, ஏற்கெனவே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்த திருவண்ணாமலை அவரைத் திரும்ப இழுக்கிறது. அங்கே போய்ச் சேருவதோடு புஸ்தகம் முடிகிறது.

இந்த அமைப்பைக் கவனிக்க வேண்டும். எட்டுப் பேரைப் பார்த்து ஏமாந்து ஒன்பதாவது ஆளிடம் சரணடைகிற கதை உலகத்தில் மிகப் பழைய கதை. ராஜகுமாரிக்கு வரன் பார்க்கிற கதையும் இதுதான், துப்பறியும் கதையும் இதுதான். முந்திய எட்டுப் பேர் மட்டமாக இருந்தால்தான் ஒன்பதாவது ஆள் உயருவார். மெஹர் பாபாவை அவ்வளவு கடுமையாக எழுதியதற்கு அவருடைய குறைகள் காரணமா, அல்லது கதைக்கு ஆரம்பத்தில் ஒரு போலி தேவைப்பட்டதா என்று ஒரு நாவலாசிரியன் சந்தேகப்படாமல் இருக்க முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் அடுக்கியிருப்பேன். ஆனால் என் புஸ்தகத்தைப் படித்துவிட்டு ஒருவரும் ஒரு மாசச் சம்பளமில்லா லீவு போடமாட்டார்கள்.

தமிழ் வாசகர்கள் இதில் தவறவிடக் கூடாத ஒரு விஷயம் உண்டு. பிரண்டன் திருவண்ணாமலையைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவே இல்லை. சென்னையில் அவரைத் தேடி வந்து, செங்கல்பட்டில் முகாமிட்டிருந்த காஞ்சி சங்கராசாரிய ஸ்வாமிகளிடம் அழைத்துக்கொண்டு போனவர் கே. எஸ். வேங்கடரமணி. ஆம், 'முருகன் ஓர் உழவன்' எழுதிய அதே வேங்கடரமணிதான். அந்நியரை மடத்துக்குள் விடுவதே பெரிதாக இருந்த நாளில் ஸ்வாமிகள் அவரோடு பேசினார். அவர் தேடுகிற மாதிரியான ஒருவர் அருணாசலத்தில் இருக்கிறார் என்று சொல்லி, அவரைப் பார்க்காமல் தெற்கை விட்டுப் போவதில்லை என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். பிரண்டனோ தெற்கு போதும் என்று புறப்படத் தயாராக இருந்த மனுஷர். ஒரு நாவலாசிரியரும் ஒரு மடாதிபதியும் மறித்திராவிட்டால் இந்தப் புஸ்தகத்துக்கு முடிவே கிடைத்திருக்காது. தன்னிடம் வந்த வெள்ளைக்காரரை, என்னிடமே இரு என்று சொல்லாமல் வேறு ஓரிடத்துக்கு அனுப்பிவிட்ட அந்தப் பெருந்தன்மையைப் பிரண்டன் பதிவு செய்கிறார். ஆனால் அதன் எடை அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அடுத்த அத்தியாயத்துக்குப் போகிற அவசரம் அவருக்கு. ஆசிரமம் தேடுகிறவர்கள் இந்தப் பக்கங்களை மட்டும் இரண்டு தடவை படிக்கலாம். ஒரு நல்ல இடத்துக்கு அடையாளம், உனக்கு இது இல்லை, அங்கே போ என்று சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருப்பது. அப்படிச் சொல்லுகிற ஆசிரமத்தை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கிறோம்? வருகிறவரை அடுத்த வகுப்புக்கும் அதற்கடுத்த வகுப்புக்கும் பெயர் பதிந்துகொள்ளச் சொல்லுகிற இடங்களே அதிகம்.

பிரண்டனின் தமிழ்நாட்டு அத்தியாயங்களில் உயர்வான பக்கங்கள் இல்லாமல் இல்லை. ஹாலில் மகரிஷி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்க, இவர் மனசுக்குள் கேள்விகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க, நேரம் ஆக ஆகக் கேள்விகள் ஒவ்வொன்றாகப் பொருளிழந்து உதிர்வதை எழுதுகிற இடம் நிஜம். அங்கே பத்திரிகைக்காரர் தோற்றுப் போகிறார்; அதனாலேயே எழுத்து ஜெயிக்கிறது. ஆனால் புஸ்தகம் முடிந்த பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சில வருஷங்களிலேயே அவருக்கும் ஆசிரமத்து நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகாமல் போயிற்று. 1941-ல் வந்த 'தி ஹிடன் டீச்சிங் பியாண்ட் யோகா'வில் தாம் அங்கிருந்து விலகிவிட்டதைச் சொல்லி, தியானம் மட்டும் போதாது என்று வாதாடுகிறார். பிறகு அவரே ஒரு குருவாகிவிட்டார். அவரைக் குருவாக வைத்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் பையன், பிற்காலத்தில் சம்ஸ்கிருத அறிஞரான ஜெஃப்ரி மேஸன், 'மை ஃபாதர்ஸ் குரு' என்று 1993-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். வீட்டுக்குள் ஒரு குரு வந்து தங்கினால் குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்பதை அதில் பார்க்கலாம். தேடலைப் பற்றிய புஸ்தகத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்கவேண்டும் என்று எந்தக் கடைக்காரருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

பிரண்டனுக்கு நேர் எதிர், காஞ்ஞங்காடு ஸ்வாமி ராமதாஸ். அவருடைய 'இன் க்வெஸ்ட் ஆஃப் காட்' பிரண்டனுக்கு முந்தி வந்தது. 1922 கடைசியில் மங்களூரில் வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒரு குடும்பஸ்தர், கையில் காசில்லாமல், ரயிலுக்கு டிக்கெட்டில்லாமல், தேசம் பூராவும் அலைந்த கதை. தம்மை 'ராமதாஸ்' என்று படர்க்கையில்தான் குறிப்பிடுவார். எங்கே போவது என்று அவர் முடிவு செய்வதில்லை. கூட வருகிற சாது எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம். டிக்கெட் பரிசோதகர் எந்த ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறாரோ அந்த ஊர். எல்லாம் ராமன் செயல். அவரும் திருவண்ணாமலைக்கு வருகிறார். மகரிஷியின் எதிரே நின்று அருளை வேண்டுகிறார், பார்வை ஒன்று கிடைக்கிறது, மலையேறிப் போய்ச் சுமார் இருபது நாள் ஒரு குகையில் இருக்கிறார். பிரண்டன் பல அத்தியாயம் எழுதுகிற விஷயம் இவருக்குச் சில பக்கங்களில் முடிந்துபோகிறது.

இலக்கியமாகப் பார்த்தால் ராமதாஸின் புஸ்தகம் சலிப்புத் தட்டுகிறது. அடித்தவனும் ராமன், சோறு போட்டவனும் ராமன் என்றால் பாத்திரங்களுக்குள் வித்தியாசம் ஏது? வித்தியாசமில்லாத இடத்தில் கதை ஏது? ஆனால் பொய் இல்லை. வாசகனை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்ற ஆசை அந்த எழுத்தில் இல்லை. இதிலே வேடிக்கை என்னவென்றால், இப்படி எந்த ஊரும் தம்முடையதில்லை என்று திரிந்த மனிதர்தான் 1931-ல் காஞ்ஞங்காட்டில் ஆனந்தாசிரமம் அமைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அடுப்பு வேண்டும், அரிசி வேண்டும், கணக்கு வேண்டும். அந்தப் பாரத்தையெல்லாம் கிருஷ்ணாபாய் என்ற அம்மையார் பார்த்துக்கொண்டார். ஆசிரமங்களின் சரித்திரத்தைச் சமையல் கட்டிலிருந்து யாராவது எழுதினால் ரொம்பப் பெயர்கள் மாறிப் போகும்.

ஸோமர்ஸெட் மாம் 1938-ல் திருவண்ணாமலைக்கு வந்தார். வந்த இடத்தில் மயக்கம் போட்டு விழுந்தார். பார்க்கப் போனவரைப் பார்க்க மகரிஷியே அறைக்கு வந்து சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். மாம் அந்த மயக்கத்தில் சமாதி நிலையை எட்டிவிட்டார் என்று பிறகு கதை கட்டினார்கள். மாம் ஒப்புக்கொள்ளவில்லை. தமக்கு இப்படி முன்னேயும் மயக்கம் வந்ததுண்டு என்று 1958-ல் எழுதிய கட்டுரையில் நிதானமாகச் சொல்லுகிறார். கிடைத்த பெருமையை வேண்டாம் என்று தள்ளுகிற இந்த யோக்கியதைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அவருடைய 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' (1944) நாவலில் லாரி என்ற அமெரிக்க வாலிபன் திருவிதாங்கூரில் ஸ்ரீ கணேசர் என்பவருடைய ஆசிரமத்தில் இரண்டு வருஷம் இருக்கிறான். அந்தப் பகுதி நாவலில் பலவீனமான பகுதி. வேதாந்தம் வகுப்பறைப் பாடமாக வருகிறது. ஆனால் ஒரு காரியத்தை மாம் சரியாகச் செய்திருக்கிறார். லாரிக்குக் கிட்டுகிற அனுபவம் ஆசிரமத்துக்குள் கிட்டுவதில்லை. மலைமேலே காட்டிலாகா பங்களா ஒன்றில், தன் பிறந்த நாளில், விடியற்காலையில், தனியாக இருக்கும்போது கிட்டுகிறது. அதன் பிறகு அவன் ஆசிரமத்திலேயே தங்கிவிடுவதும் இல்லை. அமெரிக்காவுக்குப் போய் டாக்ஸி ஓட்டலாம் என்று யோசிக்கிறான். பிரண்டன் ஆசிரமத்தை முடிவாக வைத்தார். மாம் நடுவில் வைத்தார். பத்து நாள் போய்த் தங்க விரும்புகிறவர்கள் இந்த இரண்டில் எதற்காகப் போகிறோம் என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி அரவிந்தாசிரமம் 1926-லிருந்து வேலை செய்கிறவர்களின் ஊராக வளர்ந்தது. சும்மா இருக்கப் போகிறவர்களுக்கு அங்கே கடலைப் பார்த்த அறை கிடைக்கும், கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் கிடைக்கும். ரிஷிகேசத்தில் சிவானந்தர் ஆசிரமம். பத்தமடைக்காரர், மலாயாவில் டாக்டராக இருந்தவர் என்பதாலோ என்னவோ அங்கே ஆஸ்பத்திரியும் அச்சுப் புஸ்தகமும் ஆரம்ப நாளிலிருந்தே முக்கியம். திருப்பராய்த்துறையில் காவிரிக்கரையில் சித்பவானந்தர் 1942-ல் ஏற்படுத்திய தபோவனம். அவர்கள் நடத்துகிற அந்தர்யோகம் சம்சாரிகளுக்கென்றே ஏற்பட்டது. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் இரண்டு பிரெஞ்சுப் பாதிரிமார்கள் 1950-ல் காவி கட்டி அமைத்த சாந்திவனம். சிலுவையும் ஓம்காரமும் ஒரே கூரையில். கோயங்காவின் விபஸனா முகாம்களில் பத்து நாள் பேசக்கூடாது, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், படிக்கவோ எழுதவோ கூடாது. கட்டணம் இல்லை, முடித்த பிறகு மனமிருந்தால் கொடுக்கலாம். எழுத்தாளர்களைப் பத்து நாள் எழுதவிடாமல் செய்கிற எந்த ஏற்பாட்டையும் வாசகர்கள் சார்பில் நான் ஆதரிக்கிறேன்.

எனக்கு அத்தை முறையாக வேண்டிய ஓர் அம்மாள் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. மாமா போன பிறகு பிள்ளைகள் வீட்டில் மாறி மாறி இருந்து பார்த்தார். பிறகு ஓர் ஆசிரமத்துக்கு (பெயர் வேண்டாம்) ஒரு மாதம் தங்குவதாகப் போனார். பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டார். தியானம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"தியானத்துக்கு என்னப்பா, கண்ணை மூடிக்கிட்டா எல்லா இடமும் ஒண்ணுதான். அங்கே ரெண்டு பந்தி போடறாங்க. பணம் குடுத்தவங்களுக்கு முதல் பந்தி, நாற்காலி மேசை. அதிலே பாயசம் உண்டு. எங்களுக்கு அப்புறம். பாயசம் வேணும்னு நான் போகலே. ஆனா ஒருத்தர் எழுந்திரிக்கட்டும்னு வாசல்லே நின்னுக்கிட்டிருக்கறப்ப மனசிலே என்ன ஜபம் ஓடும், சொல்லு?"

பந்தி வஞ்சனை என்று நம் பாஷையில் ஒரு சொல் இருக்கிறது. கல்யாண வீட்டில்கூட அது பாவம் என்பார்கள். அத்தை மூன்றாவது வகுப்பு வரை படித்தவர். ஒரு ஸ்தாபனத்தைப் பற்றி பிரண்டனுக்கு மாதக்கணக்கில் புலப்படாத சங்கதியை அவர் பன்னிரண்டே நாளில் பிடித்துவிட்டார் என்பது என் கட்சி. இவர் வீட்டை ஒழித்துவிட்டு நிரந்தரமாகவே எங்காவது போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மாமா வைத்துவிட்டுப் போனதில் மிச்சமிருந்த வைப்புத் தொகையை ஆசிரமத்துக்கு எழுதிக் கொடுப்பதாகவும் பேச்சு இருந்தது. இருக்கிற ஒரே பிடிமானத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்க நேர்ந்திருக்கும். இம்மாதிரி மனிதர்களுக்கு எந்தப் புஸ்தகத்தைச் சிபாரிசு செய்வது?

நான் ஒரு புஸ்தகத்திலிருந்து அவருக்குப் பகுதி பகுதியாகத் தமிழில் சொன்னேன். ஸூரி நாகம்மாள் என்ற அம்மையார் ரமணாசிரமத்திலிருந்து தம் சகோதரருக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள். பால்ய விதவை, 1941-ல் அங்கே வந்தவர். 1945-லிருந்து மகரிஷியின் கடைசிக் காலம் வரை எழுதியிருக்கிறார். பெரிய இலக்கிய ஆசை எதுவும் கிடையாது. இன்றைக்கு யார் வந்தார், என்ன கேட்டார், பகவான் என்ன சொன்னார், பசு லக்ஷ்மி எப்படிச் செத்தது, அவ்வளவுதான். ஆனால் ஓர் இடத்தில் தினமும் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்பது இதில்தான் தெரிகிறது. அந்த நாளில் பெண்கள் இருட்டுவதற்குள் ஆசிரமத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. நாகம்மாளும் வெளியே ஒரு வீட்டில்தான் இருந்தார். பிரண்டனுக்கு இது கண்ணில் பட வேண்டிய அவசியமே இல்லை. இப்போது பெண்களும் தங்கலாம். முன்கூட்டி எழுதி அனுமதி வாங்க வேண்டும். அறைக்கு வாடகை என்று கேட்பதில்லை.

அங்கே சமையல் செய்த விதவைகளும் தங்கள் நினைவுகளைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். விடியுமுன் மகரிஷி சமையலறைக்கு வந்து காய் நறுக்குவார், அரைப்பார். கத்திரிக்காய்க் காம்பைக்கூட எறிய விடமாட்டார். தமக்கென்று ஒரு கரண்டி அதிகம் விழுந்தால் அன்றைக்கு நடக்கிற சண்டை தனி. பிரண்டன் ஹாலில் கண்டது உண்மை. ஆனால் அந்த ஆளைப் புரிந்துகொள்ள ஹாலைவிட அடுப்பங்கரை நல்ல இடம் என்று இவர்கள் சொல்லக் கேட்டால் தோன்றுகிறது.

அதற்காக அங்கே எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்து சாப்பிட்ட ஹாலிலேயே பிராமணர்களுக்குத் தனிப் பக்கம், நடுவே தடுப்பு. இதை அங்கே வாழ்ந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அவர் இரண்டு பக்கத்துக்கும் தெரிகிற மாதிரி உட்காருவார். சொத்துரிமையைப் பற்றி வழக்கு நடந்து, 1936-ல் கமிஷன் முன் அவரே சாட்சி சொல்ல நேர்ந்ததும் உண்டு. கோவணத்தைத் தவிர வேறு உடைமை இல்லாதவரைச் சுற்றியும் ஒரு காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிடுகிறது. சுவர் எழும்பினால் சாவி யாரிடம் என்ற கேள்வியும் எழும்பிவிடுகிறது. பக்தர்கள் எழுதும் புஸ்தகங்களில் இந்தத் தடுப்பை அவருடைய சமரசத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. தடுப்புத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர் எழுதிய நினைவுகள் நமக்கு அதிகம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பந்தி விஷயம் நம் நாட்டில் சின்ன விஷயம் இல்லை. வ. வே. ஸு. ஐயர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். தமிழில் சிறுகதைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர், புரட்சிக்காரராக லண்டனிலிருந்து தப்பி வந்தவர், கம்பனை ஆங்கிலத்தில் ஆராய்ந்தவர். காங்கிரஸ் பணமும் ஊர்ப் பணமும் வாங்கித் தேச பக்தப் பையன்களை உருவாக்க ஏற்பட்ட அந்த ஆசிரமத்தில் இரண்டு பிராமணப் பையன்கள் தனியாகச் சாப்பிட அனுமதிக்கப்பட்டார்கள். பெற்றோரின் விருப்பம் என்று சமாதானம் சொன்னார்கள். 1924-ல் கிளம்பிய புகைச்சல் அடுத்த ஆண்டில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிவிட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் விடவில்லை. ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் போய்விட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஈ. வெ. ரா. காஞ்சிபுரம் மகாநாட்டிலிருந்து வெளியேறினார். அதற்கு வகுப்புவாரித் தீர்மானம் உடனடிக் காரணம் என்றாலும், சேரன்மாதேவி இலை அதற்கு முன்பே விரித்தாகிவிட்டது. எத்தனையோ லட்சியங்களை எழுதி வைத்திருந்த ஸ்தாபனம், மத்தியானச் சாப்பாட்டில் வந்து தட்டிற்று. குருகுலத்தில் சொல்லிக் கொடுத்த பாடங்கள் உயர்ந்தவை. அதைப் படிக்க உட்கார்ந்த பையன்களில் பலரும் அந்தப் பாடத்தை அல்ல, இலையைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஆர். கே. நாராயணின் 'தி கைட்' (1958) நாவலை இந்தக் கண்ணோடு படிக்கலாம். ஆசிரமங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஆகச் சிறந்தது அதுதான் என்று எனக்கு அபிப்பிராயம். அதில் ஆசிரமம் என்ற சொல்லுக்கே வேலையில்லை என்றாலும். ராஜு ஜெயிலிலிருந்து வெளியே வந்தவன்; போக இடமில்லாமல் ஆற்றோரத்துப் பாழ்மண்டபத்தில் உட்காருகிறான். வேலன் என்ற கிராமத்தான் எதிரே உட்கார்ந்து அவனைச் சாமியாராக்கிவிடுகிறான். மற்ற புஸ்தகங்களில் மனிதன் ஆசிரமத்தைத் தேடிப் போகிறான். இங்கே ஊர் ஒரு மனிதனைத் தேடிப் பிடித்து ஆசிரமமாக்குகிறது. ராஜு ஏன் அங்கேயே இருக்கிறான்? அவர்கள் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். நாராயண் இதை ஒளிக்கவே இல்லை. வாழைப்பழமும் பாலும் வரும் நேரத்தை ராஜு எதிர்பார்த்திருப்பதை ஒவ்வொரு நாளாகக் காட்டுகிறார். அவனைப் பிடித்து வைத்தது சோறு. பிறகு மழை பொய்த்தபோது அந்தச் சோற்றையே விட்டுவிடும்படி ஊர் அவனைக் கேட்கிறது. ஓடிப்போகலாமா என்று அவன் யோசிக்கிறான். பிறகு ஒருநாள், சாப்பாட்டைப் பற்றிய நினைப்பையே விரட்டிவிட்டு, தனக்கு லாபமில்லாத ஒரு காரியத்தை வாழ்க்கையில் முதல்முறையாக முழு மனத்தோடு செய்கிறான். போலி எந்த இடத்தில் நிஜமானான் என்று கோடு கிழித்துக் காட்ட முடியாதபடி எழுதியிருப்பதுதான் நாராயணின் சாமர்த்தியம்.

கடைசியில் ஆற்றில் நின்றபடி, தூரத்து மலையில் மழை பெய்வதாக ராஜு சொல்லிக்கொண்டே தொய்கிறான். பெய்ததா என்று நாராயண் சொல்லவில்லை. 1965-ல் வந்த ஹிந்திப் படத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஜனங்கள் நனைந்து ஆடுகிறார்கள். நாராயணுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை.